வெள்ளத்தில் மூழ்கிய ஸ்பிளெண்டரும் 15-ஆம் ஆண்டு ஆய்வும்

சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர வாகனத்தின் பதிவு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 41-ஆவது பிரிவின்படி 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நேரில் கொண்டுபோய் ஆய்வாளரிடம் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு இது அரை நாள் வேலைதான். என் சித்தப்பாவின் ஸ்பிளெண்டர் பிளஸ் ஓடிக்கொண்டிருந்த வண்டியாக இல்லை. 2010-இல் வாங்கிய அந்த வண்டி, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் இருக்கை உயரத்துக்குத் தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு தார்ப்பாயைப் போர்த்தி மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டார்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே இருந்ததால் இழப்பீடு என்ற பேச்சுக்கே இடமில்லை.

பதிவு முடியும் தேதி நெருங்கியபோது, "காயலான் கடைல போட்டுடுடா, குடுக்கறத குடுக்கட்டும்" என்றார் சித்தப்பா. "ஆர்.சி.யை, அதான் பதிவுச் சான்ற, ரத்து பண்ணாம குடுக்கக் கூடாது சித்தப்பா, நாளைக்கு அந்த நம்பர எவனாவது வேற வண்டில மாட்டிட்டுப் போனா போலீஸ் உங்களத்தான் தேடி வரும்" என்றேன். "அப்ப நீயே எடுத்துக்கோ" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்.

வெள்ளத்தில் நின்ற வண்டியை எடுப்பவர்கள் முதலில் கிக்கரிலிருந்து காலை விலக்கிக்கொள்ள வேண்டும். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால், காற்றைப் போல அது அமுங்காது என்பதால், பிஸ்டன் மேலேறும்போது கனெக்டிங் ராடு வளைந்துபோகும் அபாயம் உண்டு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாக மிதித்தால் உள்ளே இருப்பது பிளக் துளை வழியே வெளியே வந்துவிடும். எஞ்சினின் அடியிலிருந்த போல்ட்டைத் திறந்ததும் பால் கலந்த டீயைப் போல ஆயில் வந்தது. தண்ணீர் கலந்ததற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். விலை குறைந்த ஆயிலை ஊற்றிச் சிறிது நேரம் ஓடவிட்டு வடிப்பதை, நிறம் தெளியும்வரை திரும்பத் திரும்பச் செய்த பிறகே நல்ல ஆயிலை ஊற்றினோம். முன் ஃபோர்க்கில் இருந்த ஆயிலும் அதே கதியில்தான் இருந்தது. பெட்ரோல் டாங்கைக் காலி செய்து கழுவுவது, கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்வது, பச்சை பூத்துப்போன ஒயரிங் கனெக்டர்களைச் சுரண்டி எடுப்பது எல்லாம் பொறுமை கேட்கும் வேலைகளே தவிர, கடினமானவை அல்ல.

எனக்குக் கவலையாக இருந்தவை சக்கரங்கள். பின் சக்கர டிரம்மைத் திறந்தபோது காய்ந்த வண்டல் உள்ளே ஏடாகப் படிந்திருந்தது. பிரேக் ஷூவின் லைனிங், அதாவது டிரம்மில் உரசிச் சக்கரத்தை நிறுத்தும் பட்டை, ஓர் ஓரத்தில் உலோகத்தை விட்டுப் பெயர்ந்து, விரல் நகத்தை நுழைத்தால் தூக்கும் அளவுக்கு நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் இது தெரியவே தெரியாது. பெடலை அழுத்தினால் பிரேக் பிடிக்கத்தான் செய்யும், என்றைக்காவது ஒரு நாள் லைனிங் முழுவதுமாகப் பெயர்ந்து டிரம்முக்குள் சிக்கிச் சக்கரத்தைப் பூட்டும்வரை. முன்னும் பின்னும் ஷூக்களையும் சக்கர பேரிங்குகளையும் மாற்றினோம். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரம் தரையைத் தொடாதபடி வைத்துக்கொண்டு ஹேண்டில்பாரை இரு பக்கமும் மெல்லத் திருப்பினால், நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல நின்றது. ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்கான கோன் செட்டில் கிரீஸ் கரைந்துபோய்த் துரு ஏறியிருந்தது. அதையும் மாற்றியாகிவிட்டது. கண்ணாடி, இண்டிகேட்டர், செயின் கவர் போன்ற சில்லறைச் சாமான்களைப் புதுப்பேட்டையில் பழையதாகவே வாங்கினேன். பிரேக், பேரிங் போன்றவற்றைப் பழையதாக வாங்குவதில்லை என்பது என் பிடிவாதம்.

ஆய்வுக்கான தயாரிப்பு என்று தனியாகச் செய்தவற்றில் முதன்மையானது சேசிஸ் எண், அதாவது வண்டியின் அடையாள எண். ஸ்பிளெண்டரில் அது ஹேண்டில்பாருக்குக் கீழே, ஃபிரேமின் கழுத்துப் பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த இடத்தில் துரு கட்டியிருந்ததைப் பார்த்த மெக்கானிக் உப்புத்தாளை எடுக்கப் போனார். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். தேய்த்த தடம் தெரிந்தால் எண் மாற்றப்பட்டதோ என்ற சந்தேகம் ஆய்வாளருக்கு வருவது இயல்பு. மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் விட்டு விட்டுத் தேய்த்ததில், எல்லா எழுத்துகளும் வந்துவிட்டன. அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்து ஓட்டி எடுத்த பிரிண்ட்டில் ஒரே ஓர் இலக்கம் மட்டும் 3-ஆ 8-ஆ என்று மயங்கியது; இன்னொரு முறை சுத்தம் செய்து எடுத்ததும் தெளிந்தது.

பெயிண்ட் அடிப்பதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். ஆர்.சி.யில் நிறமும் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆசைக்குச் சிவப்பு அடித்துவிட்டு ஆய்வுக்குப் போய் நின்றால் வீண் வாக்குவாதம். நம்பர் பிளேட்டுக்கும் அளவு உண்டு: பின்புறத்தில் எழுத்துகள் 35 மில்லிமீட்டர், எண்கள் 40 மில்லிமீட்டர் உயரம். பின் இருக்கையில் அமர்பவருக்குக் கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், உடை சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் காப்பு ஆகியவற்றை மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆவது விதி கேட்கிறது. அழகுக்காகச் சேலை கார்டைக் கழற்றி வீசும் இளைஞர்கள் இதைக் கவனிப்பதில்லை. நல்ல வேளையாக, எங்கள் சித்தி பின்னால் உட்கார்ந்துபோன வண்டி என்பதால் அது கழற்றப்படாமலே இருந்தது.

புகைச் சான்று எடுக்கப் போன இடத்தில்தான் சற்று இழுத்தது. 2000-க்குப் பிறகு, எங்கள் வண்டியின் காலத்தில் வந்த நான்கு ஸ்ட்ரோக் இரு சக்கர வாகனங்களில் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதத்துக்குள்ளும் ஹைட்ரோகார்பன் 4500 பி.பி.எம்.முக்குள்ளும் இருக்க வேண்டும். எங்கள் வண்டி கார்பன் மோனாக்சைடில் நான்கைத் தாண்டியது. தண்ணீரில் ஊறிக் கெட்டியாகியிருந்த ஏர் ஃபில்டரை மாற்றி, கார்புரேட்டரின் கலவைத் திருகைச் சரிசெய்த பிறகு வரம்புக்குள் வந்தது.

காப்பீடு இல்லாமல் வண்டியைத் தெருவில் இறக்க முடியாது என்பதால் அதை முன்னதாகவே எடுத்துவிட்டோம். மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் படிவம் 25-ஐ நிரப்பி, கட்டணம் கட்டியாயிற்று. பதிவு முடிவதற்கு 60 நாட்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். தவறவிட்டால் மோட்டார் சைக்கிளுக்கு மாதம் 300 ரூபாய் கூடுதல் கட்டணம் என்று மத்திய விதி சொல்கிறது. ஒரு காலத்தில் மொத்தக் கட்டணமே 300 ரூபாயாக இருந்தது; 2022 ஏப்ரலில் அது 1000 ஆனது. பழைய வண்டிகளுக்கான பசுமை வரி தனி. வாசலில் நிற்கும் புரோக்கர் கேட்ட தொகை இவை எல்லாவற்றையும் சேர்த்ததைவிட அதிகம்.

ஆர்.சி. சித்தப்பா பெயரில் இருந்ததால் அவரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உடன் வந்தார். பிரேக் இன்ஸ்பெக்டர் என்று எல்லோரும் சொல்லும் ஆய்வாளர், பென்சில் பிரிண்ட்டைச் சேசிஸோடு ஒத்துப் பார்ப்பதில் மட்டும் நிதானம் காட்டினார். டார்ச்சை அடித்து ஒவ்வோர் எழுத்தாக விரலை வைத்துப் படித்தார். பிறகு ஹெட்லைட்டின் ஹை, டிம், இண்டிகேட்டர், ஹாரன், பிரேக் விளக்கு ஆகியவற்றைப் பார்த்தார். சிறிது தூரம் ஓட்டிப் போய் நிறுத்திக் காட்டச் சொன்னார். "தண்ணில நின்ன வண்டியா?" என்று அவர் கேட்டது ஸ்பீடோமீட்டர் கண்ணாடிக்குள் இருந்த கறையைப் பார்த்துத்தான். ஆமாம் என்றேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. காலை நேரத்தில் வரிசையாக நிற்கும் வண்டிகளில் ஒவ்வொன்றின் டிரம்மையும் பிரித்துப் பார்க்க யாராலும் முடியாது. ஆனால் இந்த ஆய்வில் உறுதியாகச் சரிபார்க்கப்படுவது, ஆர்.சி.யில் உள்ள வண்டி இதுதானா என்பதே. பெயர்ந்து நின்ற அந்தப் பழைய லைனிங்கோடு போயிருந்தாலும், அந்தச் சிறிய தூரத்தில் வண்டி ஒழுங்காக நின்றிருக்கும், சான்றும் கிடைத்திருக்கும். வெள்ளத்தில் நின்ற பழைய வண்டியை வாங்குகிறவர்கள் புதுப்பிக்கப்பட்ட ஆர்.சி.யை மட்டும் பார்த்து நம்பாமல், இரு சக்கரங்களையும் கழற்றிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுப்பது நல்லது. மெக்கானிக்குக் கொடுக்கும் கூலியைத் தவிர அதில் வேறு செலவில்லை.

பதிவு 2030 வரை நீட்டிக்கப்பட்டுவிட்டது. புகைச் சான்றை மட்டும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டும். அடுத்து என் பெயருக்கு மாற்றுவதற்காகப் படிவம் 29-ஐயும் 30-ஐயும் நிரப்பி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் தாம்பரம்வரை ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுத் தருவதாகச் சித்தப்பா சொல்லியிருக்கிறார்.