இன்ஜினுக்கு ஒரு கணக்கு, அறுபதுக்குப் பின் ஒரு கணக்கு

சங்ககிரியில் இரண்டு லாரி வைத்திருப்பவரைக் கேட்டால் டயருக்கு எவ்வளவு, எஃப்.சி.க்கு எவ்வளவு, இன்ஜின் வேலைக்கு எவ்வளவு என்று மாதக் கணக்கை மனப்பாடமாகச் சொல்வார். காமலாபுரத்தில் சேலம் விமான நிலைய ஓடுபாதையில் தன் நான்கு இருக்கை விமானத்தை இறக்கும் தோட்டக்காரரையோ ஜவ்வரிசி ஆலைக்காரரையோ கேட்டால் பெட்ரோல் செலவும் இன்சூரன்ஸும்தான் வாயில் வரும். இன்ஜினை முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கும் ஓவர்ஹால் செலவைச் சொல்ல மாட்டார். அது வரும் நாளில் எஃப்.டி. உடையும், மியூச்சுவல் ஃபண்ட் விற்கப்படும். ஓய்வுக்காலப் பணத்தில் ஓட்டை விழுவது பெரும்பாலும் இப்படித்தான்.

செஸ்னா 172 மாதிரியான ஒற்றை இன்ஜின் விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள லைகாமிங் இன்ஜினுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் ஓவர்ஹால் இடைவெளி 2,000 மணி நேரம் அல்லது 12 ஆண்டு, இதில் எது முதலில் வருகிறதோ அது. எல்லாரும் 2,000-ஐ மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள், 12-ஐ மறந்துவிடுகிறார்கள். இன்ஜினைக் கழற்றி, அனுப்பி, ஓவர்ஹால் செய்து, திரும்ப மாட்ட மொத்தம் 45 லட்சம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள் (கணக்குக்காக எடுத்த தொகை, உங்கள் பட்டறையின் மதிப்பீட்டை இந்த இடத்தில் போடுங்கள்). 2,000-ஆல் வகுத்தால் மணிக்கு 2,250 ரூபாய். கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் சொந்த விமானக்காரர் வருடத்துக்கு 60 மணி பறந்தாலே அதிகம். 12 வருடத்தில் 720 மணிதான் ஆகும். அப்படியானால் மணிக்கு 6,250. கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

அதனால் மணிக் கணக்கில் சேர்ப்பதை விட்டுவிடுங்கள். பறக்காத மாதத்திலும் 12 ஆண்டு கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். 45 லட்சத்தை 144 மாதத்தால் வகுத்தால் 31,250. பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதம் 31,250 தனிக் கணக்குக்குப் போக வேண்டும். விமானத்தைப் பழையதாக வாங்கியிருந்தால் மீதமிருக்கும் மாதங்களால் வகுக்க வேண்டும், தொகை எகிறும். பாதி ஆயுள் கழிந்த இன்ஜினோடு வாங்கியவர் முதல் நாளே 22 லட்சத்துச் சொச்சத்தை அந்தக் கணக்கில் போட்டுவிட வேண்டும். அந்தப் பணம் கையில் இல்லையென்றால் அந்த விமானம் உங்களுக்கு மலிவாகக் கிடைக்கவில்லை, மலிவாகக் கிடைத்த மாதிரி தெரிந்தது, அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கல் டாலர். உதிரி பாகம் எல்லாம் அந்தக் காசில்தான். 2014 நடுவில் டாலர் சுமார் 60 ரூபாய், 2024 இறுதியில் 84-ஐத் தாண்டிவிட்டது. வருடத்துக்குச் சுமார் 3.4 சதவீதம். அதே வேகத்தில் போனால் இன்றைய 45 லட்சம் 12 வருடத்தில் 67 லட்சம், அமெரிக்காவில் விலையே ஏறுவதைச் சேர்க்காமல். எனவே மாதத் தொகையை வருடா வருடம் 5 சதவீதமாவது ஏற்றுங்கள். இந்தப் பணத்தை வைக்க வேண்டிய இடம் லிக்விட் ஃபண்ட் அல்லது குறுகிய கால எஃப்.டி. பங்குச் சந்தையில் போட்டால், சந்தை விழுந்த வருடத்தில்தான் இன்ஜினும் கழலும். சீட்டில் போடுவது நம் ஊரில் கை பழகிய வழிதான், ஆனால் வேண்டாம்: பட்டறைக்காரர் முன்பணம் கேட்கும் மாதத்தில் ஏலத்தில் தள்ளி எடுக்க வேண்டிவரும். காப்பித் தோட்டக்காரர்களுக்கு மட்டும் ஒரு விலக்கு. அறுவடை முடிந்து பணம் வரும்போதே வருடத்துக்கான 3.75 லட்சத்தையும் மொத்தமாகப் போட்டுவிடுங்கள். மாதா மாதம் என்று வைத்தால் ஜூன், ஜூலையில் நின்றுவிடும்.

இன்ஜின் பணத்தைச் சேமிக்க மிக மலிவான வழி அடிக்கடி பறப்பது. லைகாமிங்கில் வால்வுகளைத் திறக்கவைக்கும் கேம்ஷாஃப்ட் மேல் பக்கம் இருக்கிறது. நிறுத்தி வைத்தால் எண்ணெய் கீழே வடிந்துவிடும், கேமும் அது தள்ளும் டாப்பெட்டும் வெறுமையாக நிற்கும். ஐப்பசி மழையில், சேர்வராயன் மலை மேகத்துக்குள் போய்விடும் வாரங்களில், அங்கே துரு பிடிக்கும். அடுத்து ஸ்டார்ட் செய்யும்போது அந்தத் துரு தேய்ந்து குழியாகும், 900 மணியிலேயே இன்ஜினைப் பிளக்க வேண்டிவரும். 30 நாளுக்குள் ஒருமுறையாவது, எண்ணெய்ச் சூடு 74 முதல் 93 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்படி, தொடர்ந்து ஒரு மணி நேரம் பறந்தாக வேண்டும். தரையிலேயே பத்து நிமிடம் ஓட்டி அணைப்பது பலருக்குப் பழக்கம். அது இன்னும் கெடுதல், எரிந்ததில் வந்த ஈரம் எண்ணெயிலேயே தங்கிவிடும். ஃபில்டர் உள்ள இன்ஜினுக்கு 50 மணிக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும். மணி சேரவில்லை என்றாலும் 4 மாதத்துக்கு ஒருமுறை. கழற்றிய ஃபில்டரை வெட்டித் திறந்து உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னீட்டோ 500 மணிக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டியது. அந்தச் செலவும் இன்ஜின் கணக்கில்தான் வரும்.

இனி அறுபதுக்குப் பின். வீட்டுச் செலவு மாதம் ஒன்றரை லட்சம் என்றால் வருடத்துக்கு 18 லட்சம். ஓய்வுக்கு வருடச் செலவின் 30 மடங்கு வேண்டும் என்று வைத்து, அதை 30-ஆல் பெருக்கினால் 5.4 கோடி. இந்தக் கணக்கு எல்லாருக்கும் தெரிந்ததுதான். விமானக்காரர் இங்கே இரண்டு பக்கமும் தவறுகிறார். ஒருவர் விமானத்தின் விலையையே 5.4 கோடிக்குள் சேர்த்துக்கொள்கிறார். வருடா வருடம் பணம் தின்னும் பொருளைச் சொத்து என்று எழுதக்கூடாது, அந்த வரியை அடித்துவிடுங்கள். மற்றவர் வருடத்து விமானச் செலவை (15 லட்சம் என்று வையுங்கள்) 18-ஓடு கூட்டி 30-ஆல் பெருக்கி, கிட்டத்தட்ட 10 கோடி வேண்டும் என்று பயந்து எதையும் தொடங்காமல் விடுகிறார். பறப்பது சாகும்வரை நடக்கிற காரியம் இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம் ஏதாவது ஒன்று, பறக்கத் தேவையான மருத்துவச் சான்றை நிறுத்தும். 70 வரை என்று வைத்துக்கொண்டு, 60-இலிருந்து 10 வருடம் × 15 லட்சம் = 1.5 கோடி. இது தனி நிதி, முடிவுத் தேதி உள்ள நிதி. குறுகிய காலக் கடன் பத்திரங்களில் வையுங்கள். தீர்ந்தால் பறப்பதும் நிற்கட்டும். குடும்பத்தின் 5.4 கோடியை அது தொடக்கூடாது.

அந்த 5.4 கோடியில் அடித்தளமாக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தைப் போடுங்கள். ஒருவருக்கு உச்சவரம்பு 30 லட்சம், வட்டி 2023 ஏப்ரல் முதல் 8.2 சதவீதம். காலாண்டுக்கு 61,500 வரும்; வீட்டில் இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள் என்றால் 1.23 லட்சம். பிபிஎஃப்-இல் வருடத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஏறாது, 15 வருடம் பிடிக்கும், ஆகையால் ஐம்பதுக்குள் தொடங்கினால்தான் பயன். மற்றது, பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்ட். விற்கும்போது வருடத்துக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட நீண்டகால லாபத்துக்கு 12.5 சதவீத வரி. ஆகவே அறுபது வந்ததும் ஒரே வருடத்தில் உருவாமல் சில வருடங்களாகப் பிரித்து எடுங்கள். இதில் புதுமை ஒன்றுமில்லை, விமானம் இல்லாதவர்களுக்கும் இதே வழிதான்.

புதுமை வருமான வரியில் இருக்கிறது. விமானத்தைத் தொழிற்சொத்தாகக் காட்டினால் தேய்மானம் 40 சதவீதம், கழித்த மீதியின் மேல். சொந்தப் பயணத்துக்கு உபயோகித்த பங்குக்கு இந்தச் சலுகை கிடையாது. முழுக்கத் தொழிலுக்கே ஓடிய விமானம் என்றே வையுங்கள். ஒரு கோடிக்கு வாங்கியது 5 வருடத்தில் கணக்குப் புத்தகத்தில் 7.78 லட்சமாகிவிடும். ஓய்வு பெறும் வருடம் அதை 70 லட்சத்துக்கு விற்கிறீர்கள். அந்தத் தேய்மானத் தொகுப்பில் (ஒரே தேய்மான விகிதத்தில் சேர்த்து எழுதும் சொத்துகள்) வேறு சொத்து இல்லாவிட்டால் மிச்சம் 62 லட்சமும் குறுகியகால லாபம். 30 சதவீத வரம்பில் செஸ்ஸோடு 19 லட்சத்துக்கு மேல் போகும், சர்சார்ஜ் தனி. கைக்கு வருவதாக நினைத்த 70 லட்சம் ஐம்பதுக்குப் பக்கத்தில் நின்றுவிடும். ஆடிட்டர் வாங்கும் வருடத்தில் தேய்மானத்தைச் சொல்வார், விற்கும் வருடத்தை நீங்கள்தான் கேட்க வேண்டும். தனிப்பட்ட பெயரில் சொந்த உபயோகத்துக்கு மட்டும் வைத்திருந்தால் இந்தப் பிரச்சினை இல்லை; நஷ்டத்தைக் கழிக்கவும் வழி இல்லை.

நாலு பேர் சேர்ந்து வாங்கியவர்கள் ஒப்பந்தத்தில் விலகும் பிரிவை முதலில் எழுதுங்கள். விலகுபவரின் பங்கு = (சந்தை மதிப்பு + இன்ஜின் கணக்கில் இருக்கும் பணம்), இந்த மொத்தத்தில் நாலில் ஒன்று. மருத்துவச் சான்று போனவரும் விற்கும்வரை தன் பங்கின் நிலையான செலவைக் கட்ட வேண்டுமா, எத்தனை மாதம் என்பதையும் எழுத்தில் வையுங்கள். இன்ஜின் கணக்கில் இரண்டு கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாதபடி செய்யுங்கள். மாமன் மச்சான் சேர்ந்து வாங்கினாலும் இது வேண்டும், அவர்களுக்குத்தான் அதிகம் வேண்டும்.

கடைசியாக இரண்டு தேதிகளை ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். ஒன்று உங்கள் அறுபது, மற்றது இன்ஜினின் 12 ஆண்டு. இரண்டும் மூன்று வருடத்துக்குள் விழுந்தால் ஐம்பத்தைந்திலேயே முடிவெடுங்கள். 70 வரை பறக்கப் போகிறவர் சம்பாத்தியம் இருக்கும்போதே ஓவர்ஹாலை முடித்துவிட வேண்டும். விற்கப் போகிறவர் ஓவர்ஹால் செய்யக்கூடாது, போட்ட பணம் முழுதாகத் திரும்பாது. இன்ஜினில் இன்னும் நாலைந்து வருடம் மீதமிருக்கும்போது விற்றால் வாங்குபவர் பேரம் குறைவாகப் பேசுவார். அந்த இன்ஜின் கணக்கில் சேர்ந்திருக்கும் பணம் அப்போது அப்படியே உங்கள் ஓய்வுக் கணக்குக்கு மாறும்.