எலிஸ் காரின் தேய்ந்த அலுமினிய பெடல்கள்: எதுவரை புதுப்பிக்கலாம்?

பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான முதல் தலைமுறை லோட்டஸ் எலிஸின் கதவைத் திறந்து குனிந்து பார்த்தால், மறைப்பு ஏதும் இல்லாத அலுமினியம்தான் கண்ணில் படும். 1995 செப்டம்பரில் பிராங்க்பர்ட் கண்காட்சியில் அறிமுகமாகி மறு ஆண்டு விற்பனைக்கு வந்த இந்தக் காரின் சட்டகம், சூடாக்கிய அலுமினியத்தை அச்சுத் துளை வழியே அழுத்திப் பிதுக்கி எடுக்கும் எக்ஸ்ட்ரூஷன் முறையில் உருவான துண்டுகளை எபாக்ஸி பசையால் ஒட்டிச் செய்யப்பட்டது. அதன் எடை 68 கிலோ மட்டுமே. பெடல்களும் அதே முறையில் செய்யப்பட்டவை. வேறு கார்களில் இரும்புத் தண்டின்மேல் ரப்பர் உறையைப் போட்டு மறைத்துவிடும் ஓர் உறுப்பை, இந்தப் பொறியாளர்கள் பார்ப்பதற்கும் மிதிப்பதற்கும் உரிய பொருளாகவே வடிவமைத்தார்கள். அந்தக் காரில் நான் மிகவும் மதிக்கும் பகுதிகளில் இது ஒன்று என்பதால்தான், இங்கிலாந்தின் ஈரத்திலும் உப்பிலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த பெடல்களை எப்படிச் சுத்தம் செய்ய வேண்டும், எந்த இடத்தில் கையை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பழைய பெடலைப் பார்த்தவுடன் "தேய்ந்துவிட்டது" என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் அங்கே மூன்று வெவ்வேறு நிலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. மேலே இருப்பது காலணியின் ரப்பரும் எண்ணெயும் தூசியும் சேர்ந்து இறுகிய கறுப்பு அழுக்கு. அதற்குக் கீழே, உப்பும் ஈரமும் அலுமினியத்தை அரித்ததால் உண்டான வெண்ணிறப் பொடியும் ஊசிமுனை அளவிலான குழிகளும் இருக்கும். இவை இரண்டுக்கும் தொடர்பில்லாமல், பாதம் படும் இடத்தில் மட்டும் உலோகமே குறைந்து, பிடிப்புக்காகப் பெடலில் உள்ள வரிகளின் முனை மழுங்கிப் பளபளப்பாகியிருக்கும். அழுக்கை முழுமையாக நீக்கலாம், அரிப்பை நிறுத்தலாம், குறைந்துபோன உலோகத்தை மட்டும் திரும்பக் கொண்டுவர முடியாது. வேலையைத் தொடங்கும் முன்பே இதைப் பிரித்தறிந்துகொண்டால், தேவையில்லாத இடத்தில் தேய்த்து இன்னும் கொஞ்சம் உலோகத்தை இழக்கும் நிலை வராது.

என் காரின் பெடல்களில் கால் படாத ஓரங்கள் மங்கிய சாம்பல் நிறத்திலும், கால் பட்ட நடுப்பகுதி வெள்ளி நிறத்திலும் இருந்தன. அந்தச் சாம்பல் நிறம் அனோடைசிங் படலம். காற்று பட்ட எந்த அலுமினியத்தின்மீதும் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் தானாகவே உண்டாகிறது. அனோடைசிங் என்பது, கந்தக அமிலக் கரைசலில் மின்சாரம் செலுத்தி அந்தப் படலத்தைப் பல மைக்ரான் தடிமனுக்கு வளர்ப்பது. அது அலுமினியத்தைவிடப் பல மடங்கு கடினமானது. ஆனால் காலணியில் ஒட்டிவரும் மணல்துகளின் சிலிக்காவும் கடினமானதுதான். பல ஆண்டுகள் உரசும்போது படலம் கரைந்து, மென்மையான உலோகம் வெளியே வந்துவிடுகிறது. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைப்பவர்கள் இந்தத் தேய்மானத்தைக் கவனித்துப் பார்ப்பது நல்லது. ஓடோமீட்டர் மிகக் குறைந்த தூரத்தைக் காட்டும்போது கிளட்ச் பெடலின் வரிகள் மழுங்கியிருந்தால், விற்பவரிடம் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது என்று பொருள்.

சுத்தம் செய்வதைப் பெடல்களைக் கழற்றாமலே தொடங்கலாம், பெரும்பாலான கார்களுக்கு அதுவே போதும். எலிஸ் காரின் பக்கச் சட்டம் அகலமும் உயரமும் கொண்டது என்பதால், இருக்கையை எடுத்துவிட்டுத் தலையைக் கால்வைக்கும் பகுதிக்குள் நுழைத்து வேலை செய்வதே எளிது. முதலில் உலர்ந்த நைலான் பிரஷ்ஷால் மணலைத் தட்டி, வாக்குவம் கிளீனரால் உறிஞ்சிவிட வேண்டும். மணல் இருக்கும்போதே ஈரத்துணியால் துடைத்தால் அதுவே உப்புத்தாளாக மாறிக் கீறும். அதன் பிறகு வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவ சோப்பைச் சில துளிகள் கலந்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் வரிகளின் நெடுக்கிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் அழுக்கு பள்ளத்தில் போய் அடைந்துகொள்கிறது. பிரேக் விளக்கின் ஸ்விட்ச் பெடலுக்கு அருகில்தான் இருக்கும். ஆகவே நீரை ஊற்றாமல் பிரஷ்ஷை நனைத்துப் பிழிந்தே பயன்படுத்துங்கள். சோப்புக்கு அசையாத ரப்பர் கறையை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணி எடுத்துவிடும்.

நம் வீடுகளில் பித்தளையும் செம்பும் மங்கினால் கை தானாகப் புளியைத் தேடும். அலுமினியத்துக்கு அது ஆகாது. அலுமினியப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைக்காதே என்று பெரியவர்கள் சொல்வதற்குக் காரணமும் இதுதான். அமிலம், காரம் இரண்டிலும் கரையக்கூடியது அலுமினிய ஆக்சைடு. எலுமிச்சை போன்ற மென்மையான அமிலம் மெதுவாகச் செய்வதை, அடுப்பு கழுவும் திரவங்களிலும் கழிவுநீர்க் குழாய் அடைப்பு நீக்கிகளிலும் உள்ள காஸ்டிக் சோடா சில நிமிடங்களில் செய்துவிடும். அனோடைசிங் ஆலைகளில் பழைய படலத்தை உரித்தெடுக்கப் பயன்படுவதே இந்தக் காஸ்டிக் சோடாதான். வீல்களைக் கழுவும் திரவங்களிலும் கடுமையான அமிலம் கொண்டவை உண்டு; புட்டியின்மேல் அனோடைசிங் செய்த பரப்புக்கு ஏற்றது என்று தெளிவாக எழுதியிராவிட்டால் அதைப் பெடலின் அருகே கொண்டுபோகாதீர்கள்.

பெடலைக் கண்ணாடி போல மெருகேற்றும் பழக்கத்தை நான் முழுமையாக எதிர்க்கிறேன். 400, 800, 1500 என்று வாட்டர் பேப்பரை மாற்றி மாற்றித் தேய்த்து, கடைசியில் பஃபிங் சக்கரத்தில் பிடித்தால் எந்த அலுமினியமும் ஜொலிக்கும். புகைப்படத்தில் மிக அழகாகவும் இருக்கும். ஆனால் அந்த ஜொலிப்பு வருவது, காலணியின் அடிப்பாகத்தைப் பற்றிக்கொள்ளும் நுண்ணிய மேடுபள்ளங்களை அழிப்பதால்தான். முதல் தலைமுறை எலிஸில் பிரேக்குக்கு, கால் விசையைப் பெருக்கித் தரும் சர்வோ உதவி கிடையாது. நிறுத்தும் விசை முழுவதும் ஓட்டுபவரின் காலிலிருந்தே வர வேண்டும். மழையில் நனைந்த காலணியோடு அவ்வளவு அழுத்தத்தில் மிதிக்கும்போது பாதம் வழுக்கினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இதே காரணத்துக்காகத்தான் டயர் மினுக்கி, சிலிக்கான் ஸ்பிரே, மெழுகு போன்றவற்றின் ஒரு துளிகூடப் பெடலின்மேல் படக் கூடாது. டாஷ்போர்டில் அடிக்கும் ஸ்பிரேயின் துளிகள் காற்றில் மிதந்து கீழே படிவதுண்டு என்பதால், அத்தகைய பொருளைத் துணியில் ஊற்றித் துடைப்பதே பாதுகாப்பு.

மங்கலை எடுத்தே ஆக வேண்டும் என்றால், சாம்பல் நிற ஸ்காட்ச் பிரைட் நாரை ஒரே திசையில் மென்மையாக ஓட்டினால் போதும். சீரான, பளபளப்பற்ற பரப்பு கிடைக்கும். இரும்பு நாரும் இரும்புக் கம்பி பிரஷ்ஷும் வேண்டாம். அவற்றிலிருந்து உதிரும் துகள்கள் மென்மையான அலுமினியத்தில் பதிந்து, சில வாரங்களில் பழுப்புப் புள்ளிகளாகத் துருப்பிடிக்கும். அந்தப் புள்ளியைச் சுற்றி அலுமினியமும் அரிபடத் தொடங்கும்.

இதே வினைதான் பெரிய அளவில், பெடல் ஆடுவதற்கான இரும்புப் பின் (அச்சாணி) செல்லும் துளையில் நிகழ்கிறது. அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் புகுந்தால், அது ஒரு சிறிய மின்கலமாகி அலுமினியத்தைக் கரைக்கும். ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டாலும் கரைவது அலுமினியம்தான். குளிர்காலச் சாலைகளில் பனி உறையாமல் இருக்கக் கொட்டும் கல் உப்பு, காலணியோடு உள்ளே வந்து காரின் ஈரமான தரைவிரிப்பில் தங்கிவிடுகிறது. பின்னைச் சுற்றி வெண்பொடி தெரிந்தால், மேற்பரப்பைத் துடைத்துவிட்டுத் திருப்தியடையாமல் பெடலைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பிரேக் அமைப்பைத் தொடும் வேலை இது. பழக்கமில்லாதவர்கள் இந்த இடத்தில் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே முறை. துளைக்குள் பின்னைத் தாங்கும் சிறு குழல் வடிவ உறையான புஷ் தேய்ந்திருந்தால் மாற்றி, பின்னைச் சுத்தம் செய்து கிரீஸ் தடவ வேண்டும். அலுமினியமும் இரும்பும் நிலையாக இறுகிச் சேரும் போல்ட் இணைப்புகளில் மட்டும், படகு கட்டுவோர் பயன்படுத்தும் டுராலாக் போன்ற தடைப் பசையைப் பூசலாம். அசையும் இடங்களில் அதைப் பூசக் கூடாது.

கழற்றிய பெடலை மீண்டும் அனோடைசிங் செய்யக் கொடுப்பது நல்ல யோசனை. ஆனால் அதற்கு முன் புஷ், பின், ஸ்பிரிங் என இரும்பும் பிளாஸ்டிக்குமான அனைத்தையும் எடுத்துவிட வேண்டும். அமிலத் தொட்டி இரும்பைத் தின்றுவிடும். படலம் வளரும்போது ஒரு பகுதி உள்நோக்கியும் ஒரு பகுதி வெளிநோக்கியும் வளர்வதால் துளையின் விட்டம் சற்றே சுருங்குகிறது. எனவே புஷ் உட்காரும் துளையை மூடிவைத்துச் செய்யச் சொல்லுங்கள். முன்னதாகப் பரப்பைத் தயார் செய்ய மணலைவிடக் கண்ணாடி மணிகளைப் பீய்ச்சுவது சிறந்தது. அது வெட்டாமல் தட்டுகிறது, வரிகளின் வடிவமும் கெடுவதில்லை. இரும்பைச் சுத்தம் செய்த அதே மணிகளைப் பயன்படுத்தினால் இரும்புத் துகள் பதியும் என்பதால், புதிய மணிகளா என்று கடையில் கேட்டுவிடுவது அவசியம். லேக்கர் எனும் நிறமற்ற மெருகுப் பூச்சைப் பூசுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. கால் உரசும் இடத்தில் அது சீக்கிரமே செதில் செதிலாக உரிந்து, ஓரத்தின் அடியில் ஈரத்தைப் பிடித்துவைக்கிறது.

வரிகள் நகத்துக்குத் தட்டுப்படும்வரை பெடலை அப்படியே விட்டுவிடலாம். முற்றிலும் தட்டையாகிவிட்டால் வேறு பெடலைத் தேடிப் போட வேண்டும். வெல்டிங் வைத்து மேடு எழுப்பிப் புதிதாக வரி வெட்டலாம் என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எக்ஸ்ட்ரூஷனுக்குப் பயன்படும் 6000 வரிசை அலுமினியக் கலவைகள் பதப்படுத்தலால் வலிமை பெறுபவை. வெல்டிங் வெப்பம் பட்ட பகுதியில் அந்த வலிமையின் பெரும்பகுதி போய்விடுகிறது. முழு உடல் விசையையும் தாங்க வேண்டிய பிரேக் பெடலில் இதைச் செய்வதற்கு எந்த நியாயமும் இல்லை. மேலே மாட்டும் அலங்கார உறைகளும் இதே வகைதான். நகர்ந்து பக்கத்துப் பெடலில் சிக்கக்கூடிய எதற்கும் அங்கே இடம் கொடுக்கக் கூடாது.

மீண்டும் பொருத்தும்போது, கால் விசையைப் பிரேக் எண்ணெயின் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரின் தள்ளுதண்டை இணைக்கும் பின்னுக்குப் புதிய பூட்டு ஊசி போட வேண்டும். வளைத்து நிமிர்த்திய பழைய ஊசியை மறுபடியும் பயன்படுத்துவது ஆபத்து. பெடல் முழுமையாக மேலே திரும்புகிறதா, மிதிக்கும் முன் மிகச் சிறிய வெற்றசைவு இருக்கிறதா, மிதித்தவுடன் பிரேக் விளக்கு எரிந்து, காலை எடுத்தவுடன் அணைகிறதா என்று பார்த்துவிட்டு, வண்டியை மெதுவாக நகர்த்திச் சில முறை நிறுத்திப் பார்த்த பிறகே சாலைக்கு எடுங்கள்.