கை மரத்துப்போகிறதா? எந்த விரல் என்று கேளுங்கள்

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் பீடி சுற்றுகிறவர்கள், ஆம்பூரில் ஷூ தைக்கிறவர்கள் என்று ஓ.பி.க்கு வருகிற பலரும் ஒன்றையே சொல்வார்கள்: "ராத்திரியில கை மதமதன்னு ஆகி முழிப்பு வந்துடுது, உதறினா கொஞ்சம் தேவலை." வருவதற்குள் நாலைந்து 'நரம்பு ஊசி' (பி12 வைட்டமின்) போட்டிருப்பார்கள். பி12 குறைபாடு இல்லாதவருக்கு அதனால் பயனில்லை.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி மரத்து, சுண்டுவிரல் தப்பியிருந்தால் கார்பல் டனல், அதாவது மணிக்கட்டுக்குள் குறுகிய பாதையில் நரம்பு அழுந்துவது. முழுக் கையும் என்பவரிடம் விரல் விரலாகத் தொட்டுக் கேட்க வேண்டும். இரு புறங்கைகளையும் ஒட்டி, மணிக்கட்டை மடக்கி 60 விநாடி வைக்கச் சொன்னால் பெரும்பாலும் மதமதப்பு கிளம்பிவிடும். கிளம்பாவிட்டாலும் நோய் இல்லை என்று விட்டுவிடக் கூடாது.

சுண்டுவிரல் மரத்திருந்தால் முழங்கையின் உட்புறம் நரம்பைத் தடவிப் பாருங்கள். பழைய வடாற்காட்டில் இதைத் தவிர்க்கவே கூடாது. நரம்பு தடித்திருந்தாலோ, உடம்பில் உணர்வற்ற தேமல் இருந்தாலோ தொழுநோயைத்தான் முதலில் நினைக்க வேண்டும். கார்பல் டனலுக்குக் கட்டும் மணிக்கட்டுப் பட்டையோடு அனுப்பிவிட்டால் விரல்கள் மடங்கிப்போகும்.

ரத்தச் சர்க்கரை, தைராய்டு இரண்டையும் பார்த்துவிடுங்கள். கர்ப்பமா என்றும் கேளுங்கள். அப்படியானால் பட்டை போதும், பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் தானே அடங்கும்.

பட்டையில்தான் சிகிச்சையே கெடுகிறது. மெடிக்கலில் வாங்கும் பட்டைக்குள் உள்ள உலோகத் தகடு மணிக்கட்டைப் பின்பக்கம் வளைத்தே வைக்கும். வளைந்தால் உள்ளே அழுத்தம் கூடும். தகட்டை உருவி, நேராக்கிச் செருக வேண்டும். உள்ளங்கை ரேகைக்கு முன்பே பட்டை முடிய வேண்டும், விரல்கள் தாராளமாக மடங்க வேண்டும். தினமும் இரவில், ஆறு வாரம். இறுக்கிக் கட்டினால் மரப்பு அதிகமாகி நாலாம் நாளே கழற்றி வீசிவிடுவார்கள். வேலைக்கு நடுவே கையை ஆற்றச் சொல்லலாம். கூலி போகும் என்பதால் வேலையை விடச் சொல்வதில் அர்த்தமில்லை.

பட்டைக்குக் கேட்கவில்லையென்றால் பழகியவர் கையால் மணிக்கட்டில் ஒரு ஸ்டீராய்டு ஊசி. ஊசி இறங்கும்போது விரலில் மின்சாரம் பாய்ந்ததுபோல் இருந்தால் மருந்தைச் செலுத்தாமல் வெளியே இழுக்க வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு அடுத்த சில நாள் சர்க்கரை ஏறும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கட்டைவிரல் அடிச்சதை வற்றியிருந்தாலோ, பகலிலும் மரப்பு விடாமலிருந்தாலோ ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றே கை அறுவை சிகிச்சைப் பிரிவுக்குச் சீட்டு எழுதுங்கள். வற்றிய சதை அறுவைக்குப் பின்னும் முழுதாகத் திரும்புவது அரிது.