மெழுகு ஏற்றிய கேன்வாஸ், கையால் தைத்த வார்

ஐப்பசி மழை தொடங்குமுன் முடிக்க நினைத்த இரண்டு வேலைகளும் முடிந்துவிட்டன. கேன்வாஸ் தோள்பைக்கு மெழுகு ஏற்றியாயிற்று. பழைய தோல் பையின் வாரைப் பிரித்துக் கையாலேயே தைத்தாயிற்று. ஊட்டியும் கூடலூரும் ஆடியில் படும் பாட்டை கோத்தகிரியில் நாங்கள் ஐப்பசி, கார்த்திகையில் படுவோம். மழையோடு பனிமூட்டமும் சேர்ந்துகொண்டால் பீரோவுக்குள் இருக்கும் தோல் சாமான் எல்லாம் வெள்ளை பூத்துவிடும். பை சேர்க்கிறவளுக்கு இந்த ஊரில் வாங்குவதைவிடக் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை.

நல்ல பை என்றால் எனக்கு பிராண்டு இல்லை. கடையில் கையில் எடுத்ததும் வார் பையோடு சேரும் இடத்தைத்தான் பார்ப்பேன். பாரம் முழுவதும் அங்கேதான் இறங்குகிறது. வாரின் நுனியை நன்றாக உள்ளே இறக்கி, சதுரமாகத் தைத்து, அதற்குள் பெருக்கல் குறியாகக் குறுக்குத் தையலும் போட்டிருந்தால், இந்தப் பையில் அரிசியும் தேங்காயும் ஏறும் என்று செய்தவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒற்றை ரிவிட் மட்டும் அடித்திருந்தால் திருப்பி வைத்துவிடுவேன். நாளாக ஆக ஓட்டை நீண்டு தோல் கிழிந்துவிடும். பிறகு பையை உள்பக்கம் புரட்டி, ஓரங்கள் பிசிறாமல் நாடா வைத்துத் தைத்திருக்கிறதா என்று பார்ப்பேன். ரெக்சின் பக்கமே போவதில்லை. துணிமேல் பூசிய பிளாஸ்டிக் ஏடு இந்த ஈரத்தில் செதில் செதிலாக உரிகிறது. உரிந்தபின் அதற்கு வைத்தியம் கிடையாது.

மெழுகு விஷயத்துக்கு வருகிறேன். வெறும் தேன்மெழுகு மட்டும் தடவினால் நம் குளிருக்கு விறைத்து, மடிப்பில் வெள்ளைக் கோடு விழும். எண்ணெய் கலந்தால்தான் இளகிக் கொடுக்கும். தேங்காய் எண்ணெய் இங்கே வருஷத்தில் பாதி நாள் பாட்டிலிலேயே உறைந்து கிடக்கிறது, அது உதவாது. பெயின்ட் கடையில் கிடைக்கும் லின்சீட் ஆயிலை, அதாவது ஆளிவிதை எண்ணெயை, எடுத்துக்கொண்டேன். அது காற்றுப் பட்டு உலர்ந்து துணியில் பிடித்துக்கொள்ளும். இரண்டு பங்கு மெழுகு, ஒரு பங்கு எண்ணெய். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகிவிடும் என்பதால் நேரடித் தீ வேண்டாம்: கொதிக்கும் தண்ணீருக்குள் ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்தாலே போதும். பழைய பிரஷ்ஷால் தையல் ஓரங்களில் முதலில் தடவி, பிறகு பரப்பில் மெல்லிசாக இழுத்தேன். தடவியதும் துணி திட்டுத் திட்டாக, பார்க்கவே கஷ்டமாக இருக்கும். ஹேர் டிரையரைக் கிட்டே பிடித்தால் திட்டுகள் கண்ணெதிரே கரைந்து, நெசவுக்குள் இறங்கி, காக்கி நிறம் ஒரு படி ஆழமாகிறது. அந்த நிமிஷத்துக்காகவே இன்னொரு பைக்கும் செய்யலாம். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயப்போட்டுவிட்டுத்தான் எறிய வேண்டும். பையும் வாடை போகும்வரை வெளியே தொங்கட்டும்.

இப்போது சாரல் பட்டால் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு விழுகிறது. கொட்டும் மழைக்கு இது போதாது, குடை வேண்டும்.

வார் வேலையை மார்க்கெட் பக்கம் செருப்புத் தைக்கும் அண்ணனிடம்தான் கேட்டுக்கொண்டேன். பையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மிஷின் தையலும்மா. ஒரு கண்ணி விட்டா வரிசையா விட்டுக்கிட்டே போகும். ரெண்டு ஊசி போட்டுத் தைங்க" என்றார். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு பக்கமிருந்தும் ஒவ்வொன்றாக விட வேண்டும். ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். பழைய ஓட்டைகளையே குத்தூசியால் திறந்துவிட்டு, மெழுகு நூலால் தைத்தேன். எந்த ஊசி முதலில் போகிறது என்ற வரிசையைக் கடைசிவரை மாற்றக் கூடாது. மாறாமல் இருந்தால் தையல் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, எறும்பு வரிசைபோல அழகாக நிற்கும். முடிக்கும்போது இரண்டு ஓட்டை பின்னால் வந்து நூலை வெட்டினேன். முடிச்சே தேவைப்படவில்லை.

அந்தப் பை தாவரப் பட்டையில் பதனிட்ட தோல். நம் நாட்டில் ஆவாரம் பட்டையில் பதனிட்டுக் கடுக்காயில் முடிப்பது பழைய முறை. பிறகு சீகைப் பட்டையும் வந்தது. சீயக்காய் இல்லை, வாட்டில் மரத்தைத்தான் இங்கே சீகை என்போம். நம் மலையெங்கும் நிற்கிற அதே சீகைதான். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். பட்டைக்காகவே தோட்டம் தோட்டமாக நட்டார்கள், அது புல்வெளிகளையும் சோலை ஓரங்களையும் தின்றுவிட்டது. தோல் பை பிடிக்கிறவளாக இதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இருக்கிற பையை ஆயுசுக்கும் உழைக்க வைப்பதில் எனக்கு இத்தனை பிடிவாதம் அதனால்தான். பூஞ்சை வந்தால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்து, நிழலில் உலர்த்துகிறேன். பிளாஸ்டிக் கவரில் மூடுவதே இல்லை. உள்ளே நியூஸ்பேப்பர், பக்கத்தில் துணிப்பொட்டலத்தில் மரக்கரி.

சேர்த்ததில் எனக்கு உயிர் என்றால், எங்கள் நீலகிரியின் தோடர் பழங்குடியினர் போடும் எம்பிராய்டரி உள்ள தோள்பைதான். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும். துணியில் கோடு வரைந்துகொள்வது கிடையாது. நெசவு இழைகளை எண்ணி எண்ணியே ஊசி போகிறது. 2013இல் புவிசார் குறியீடு கிடைத்த வேலை இது. போர்த்திக்கொள்ளும் பூத்துக்குளியில் இதன் இரண்டு பக்கமும் தெரியும். பையாகும்போது லைனிங் வைத்து ஒரு பக்கத்தை மூடிவிடுகிறார்கள், அது எனக்கு மனசு ஒப்பவில்லை. என் பையில் லைனிங் இல்லை. கையை உள்ளே விட்டால் புடைத்த நூல் விரலில் தட்டுப்படும்.

அதன் வார் மட்டும் மெல்லிய துணிப்பட்டை, பாரம் தாங்காது. அடுத்து அதற்கு அகலமான பருத்தி நாடா வாங்கி, பழைய பட்டையின்மேலேயே சதுரமும் குறுக்கும் போட்டுத் தைக்கப் போகிறேன். எம்பிராய்டரி இழை ஒன்றிலும் ஊசி படாமல் இருக்க, தையலைப் பக்கப்பட்டியோடு நிறுத்திவிட வேண்டும். குன்னூரில் நாடா கிடைத்ததும் வேலையை ஆரம்பித்துவிடுவேன்.