மூதூர் தாண்டித் தரைதட்டிய போட்

சின்ன மாமாவின் புதுப் போட் கடலைக் காண முதலே ஒருக்காத் தரைதட்டிவிட்டது. திருகோணமலைக்கு வரும் வழியில், மூதூர் தாண்டி இறால்குழிக்குக் கிட்ட, உச்சி வெயிலில், நிழலுக்கு ஒரு வடலிகூட இல்லாத இடத்தில், போட்டை ஏற்றி வான் வண்டிக்குப் பின்னால் இழுத்து வந்த ரெயிலரின் ரயர் வெடித்து.

புது என்றால் மாமாவின் கணக்கில் புது. வாழைச்சேனையில் ஒருவர் ஓடிக் களைத்து விற்ற பத்தொன்பது அடி பைபர் போட், 15 கோர்ஸ்பவர் எஞ்சின், கூடவே "சும்மா கொண்டு போங்க அண்ணன்" என்று தந்த ரெயிலர். மாமா போட்டைத் தட்டிப் பார்த்தார், எஞ்சினை இழுத்து ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தார், லைப் ஜக்கெட்டை எண்ணி எடுத்தார். ரெயிலர் பக்கம் குனியவில்லை. குனிந்தது மாமி. "இதென்னப்பா, ஓட்டோச் சில்லு மாதிரிக் கிடக்கு?" என்றா. மாதிரி இல்லை, ஓட்டோச் சில்லேதான். 4.00-8.

ஓட்டோவுக்கு அந்த ரயர் திறம். ஆனால் போட், எஞ்சின், வலை, ரெயிலர் இரும்பு எல்லாம் சேர்ந்தால் அறுநூறு கிலோவுக்குக் குறையாது. தாங்க இருப்பது இரண்டே சில்லு. அதுவும் குட்டிச் சில்லு என்றபடியால் வானின் சில்லு இரண்டு தரம் சுற்ற இது மூன்று தரம் சுற்ற வேணும். காற்றுக் குறைந்த ரயர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிரும், அந்த மடங்கலில்தான் சூடு ஏறும். மாமா மணிக்கு எழுபதில் விட்டார். பக்கச் சுவரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் 2311 என்று அடித்திருந்தது. 2011ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்த ரயர் என்று அர்த்தம். மேல் வெட்டெல்லாம் அப்படியே புத்தம் புதுசு. "தேயவே இல்லைப் பாரடா" என்று மாமாவுக்குப் பெருமை வேறு. ரெயிலர் ரயர் தேய்ந்து சாவது குறைவு. வருஷக்கணக்காக ஒரே இடத்தில் வெயில் காய்ந்து, பக்கச் சுவர் மயிரிழை மயிரிழையாக வெடித்துத்தான் சாகும்.

"பாதையில வாகனம் ஏத்தின காலத்தில இப்படி நடந்ததில்லை" என்று பெரியண்ணன் தொடங்கினார். பாதை என்றால் வாகனத்தை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை. கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது, 396 மீற்றர், பாதை போய்ப் பாலம் வந்ததில் அண்ணனுக்கு இன்னும் கோபம். வானில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் வாயில் ஞாயம் வந்துவிட்டது: துறைக்குத் துறை பாதைக்குக் காத்துக் கிடந்தால் ரயர் ஆறத்தானே செய்யும்.

ஸ்பெயர் சில்லு இருந்தது. எங்கே? போட்டுக்குள். வலைக்குக் கீழே, எண்ணிய லைப் ஜக்கெட்டுகளுக்குக் கீழே, மாமியின் கருவாட்டுப் பைக்குக் கீழே. அதை வெளியே எடுப்பதற்குள் ரோட்டோரம் ஒரு மீன்கடை ஆகிவிட்டது. ஒரு மோட்டார்சைக்கிள்காரர் நிறுத்தி விலை கேட்டார்.

பிறகு அறிவுரைகள். முதலாவது: "ரெயிலரை வானில இருந்து கழட்டினால் லேசாயிருக்கும்." கழற்றவே கூடாது. எஞ்சின் பின்னுக்குத் தொங்குகிறது. கொக்கியை விட்டால் முன்தண்டு விசுக்கென்று மேலே போய், குனிந்து நிற்கிறவரின் தாடையைப் பதம் பார்க்கும். தவிர, அந்த ரெயிலருக்குப் பிரேக்கே இல்லை. வானின் ஹாண்ட் பிரேக்தான் அதற்கும் பிரேக். நல்ல பக்கச் சில்லுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தாயிற்று.

இரண்டாவது அறிவுரையை அண்ணன் சொல்லவில்லை, செய்தார். நட்டை இளக்காமல் ஜக்கைத் தூக்கப் போனார். அந்தரத்தில் நிற்கும் சில்லில் ஸ்பனரைப் போட்டால் நட் கழராது, சில்லுதான் சுற்றும். நல்ல காலம், ஜக் உள்ளே போகவே இல்லை. காற்றுப் போன குட்டிச் சில்லு ரிம்மில் குந்திவிட்டால் அச்சுக்கும் தரைக்கும் இடையில் நாலு விரல்கூட மிஞ்சாது. வானோடு வந்த ஜக் மடிந்த நிலையிலேயே அதைவிட உயரம்.

இதற்கு வழி பலகை. போட்டின் குறுக்குப் பலகைகள் கழற்றிப் போடுகிற மாதிரி இருந்தன. இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக, மேற்பலகையைச் சில்லில் இருந்து அரைச் சாண் அப்பால் தள்ளிப் படியாக, காற்றுப் போன சில்லுக்கு முன்னால் வைத்து, கல்லை எடுத்துவிட்டு வானை ஒரு முழம் முன்னுக்கு எடுக்கச் சில்லு ஏறி நின்றது. கல்லைத் திரும்ப வைத்தாயிற்று. ஜக் போக இடம் வந்தது. மூன்றாவது பலகை ஜக்குக்குக் கீழே. ரோட்டோர மணலில் வெறும் ஜக்கை வைத்தால் போட் ஏறாது, ஜக் இறங்கும். வைக்கும் இடமும் முக்கியம். அச்சின் நடுவில் வைத்தால் அச்சு வளையும், போட்டின் அடியில் வைத்தால் பைபர் வெடிக்கும். வில்லுத் தகட்டை அச்சோடு பிடித்திருக்கும் யூ போல்ட்டுக்குப் பக்கத்தில்தான்.

அப்போதுதான் மாமி கேட்டா: "உள்ளுக்குள்ள தண்ணி கிடக்குது போல, களக் களக் எண்டு கேக்குது?"

பின்னால் இருந்த அடைப்பைப் பிடுங்கியதும் மழைத் தண்ணி கொட்டத் தொடங்கியது. கொட்டியது, கொட்டியது, கந்தளாய்க் குளத்தின் வான்கதவு திறந்தது போல. ஒரு லீற்றர் ஒரு கிலோ. வாழைச்சேனையில் இருந்து அவ்வளவு தண்ணியையும் எண்ணெய் எரித்துத் திருகோணமலைக்கு ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார் மாமா, என்னவோ கொட்டியாரக் குடாவில் தண்ணி தட்டுப்பாடு மாதிரி.

இனி நட். வானின் ஸ்பனர் 21, ரெயிலர் நட் 17. போட்டுத் திருகினால் சும்மா வழுகும். வயலால் வந்த ட்ரக்டர்காரத் தம்பி நாலு முனைச் சாவி ஒன்றை எடுத்து வந்தார். "அண்ணன், கொஞ்சம் தள்ளுங்க" என்று மட்டும்தான் சொன்னார். உப்புத் தின்ற நட்டுகளைச் சுத்தியலால் பக்கவாட்டில் நாலு தட்டு, மரை நுனியில் இரண்டு சொட்டு எண்ணெய், பிறகு சாவியின் கையில் காலை வைத்து ஏறி ஒரு மிதி. கிறீச் என்றது. நாலும் அரைச் சுற்று இளகிய பிறகே ஜக்கைச் சுற்றினார். சில்லைக் கழற்றியதும் குடத்தில், அதாவது சில்லை மாட்டும் நடு ஹப்பில், இருந்து வழிந்த கிறீஸைத் தொட்டு வெயிலில் காட்டினார். தயிர் மாதிரி வெள்ளை. ஓடிச் சூடான குடத்தை உடனே கடலுக்குள் இறக்கினால் உள்ளே காற்றுச் சுருங்கி, சீல் வழியாக உப்புத் தண்ணியை உறிஞ்சிக்கொள்ளும். பேரிங் முடிந்த கதை.

ஸ்பெயரை மாட்டி, நட்டின் கூம்புப் பக்கம் ரிம்மைப் பார்க்க, குறுக்குக் குறுக்காகக் கையால் இறுக்கி, இறக்கி, தரையில் நின்றபிறகு முழுதாக இறுக்கினார். ஸ்பெயரில் காற்று அரைவாசிதான். கால் பம்பை அண்ணன் மிதித்தார். மிதிக்கும்போது பாதைக் காலத்தைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை, மூச்சு வரவில்லை.

தம்பி காசு வாங்கவில்லை. மாமி கருவாட்டுப் பையில் பாதியைக் கொடுத்தா. "நாப்பதுக்கு மேல போகாதீங்க, கிண்ணியாவில நிப்பாட்டி நட்டை இன்னொருக்கா இறுக்குங்க, குடத்தில கை வைச்சுப் பாருங்க" என்றார். மாமா நட் இறுக்க என்று நிற்க மாட்டார், தேத்தண்ணிக்கு நிற்பார். நின்றார். மாமி வான் ஸ்பனரோடு இறங்கிப் போனா, அது பொருந்தாது என்று ஞாபகம் வந்து, தேத்தண்ணிக் கடைக்குப் பக்கத்து ரயர் ஒட்டுக்கடையில் 17 சாவி இரவல் வாங்கி இறுக்கினா. இரண்டு நட் கால் சுற்றுக் கொடுத்தன.

நிலாவெளியில் இப்போது போட் தண்ணியில். வெடித்த ரயரை மாமா எறியவில்லை, இடிபடாமல் இருக்கப் போட்டின் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். ரெயிலர் முற்றத்தில் பழையபடி வெயில் காய்கிறது. ஸ்பெயர் எப்ப வாங்கப் போறீங்கள் என்று மாமி கேட்டதற்கு, "கடலுக்குள்ள எதுக்கப்பா சில்லு?" என்கிறார்.