புல்கெண்டைக்கு இரைப்பை இல்லை

நீருயிரியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். மலேசியாவின் பினாங்கில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்தபோது இடைத்தேர்வில், புல்லும் நீர்த்தாவரமும் தின்னும் புல்கெண்டை மீனின் செரிமானத்தை விளக்கச் சொன்னார்கள். இரைப்பை, அமிலம், புரதத்தைச் செரிக்கும் பெப்சின் நொதி என்று இரண்டு பக்கம் எழுதினேன். புல்கெண்டைக்கு இரைப்பையே கிடையாது! பல்கலைக்கு முந்தைய ஆறாம் படிவத்தில் மனப்பாடம் செய்த மனிதச் செரிமானத்தை அப்படியே மீனுக்குள் வைத்துவிட்டேன். விடைத்தாள் திரும்பி வந்த அன்று அழுகையே வந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை ஆயர் ஈத்தாம் சந்தையில், "அண்ணே, வயித்தக் கிழிக்காம குடுங்க" என்று ஒரு திலாப்பியாவும், ஒரு புல்கெண்டைத் தலையும் வாங்கினேன். 23 செ.மீ. திலாப்பியாவின் குடலைப் பிரித்து அம்மாவின் தையல் நூலால் அளந்தால், ஒன்றரை மீட்டரைத் தாண்டியது. கெண்டைத் தலையில் செவுளுக்குப் பின்னால் தொண்டைப் பற்கள், சீப்பு மாதிரி வரிவரியாக. விரலால் தடவிப் பாருங்கள், பிறகு மறக்காது.

அந்தப் பற்கள்தான் விஷயமே. தாவரச் செல்சுவரில் இருக்கும் செல்லுலோஸைச் செரிக்கும் நொதி மீனின் உடலில் சுரப்பதில்லை. குடல் பாக்டீரியாவின் உதவியும் கொஞ்சம்தான். பல் கிழித்த செல்லின் சாறு மட்டும் மீனுக்கு, கிழியாத செல் பச்சையாகவே வெளியேறும். தின்றதில் ஏறக்குறைய பாதி கழிவாகிவிடும். அதனால்தான் புல்கெண்டைக் குளத்தில் வெள்ளிக்கெண்டையையும் விடுகிறார்கள். கழிவு உரமாகி மிதவையுயிர்கள் பெருகும், வெள்ளிக்கெண்டை அதைத் தின்னும்.

திலாப்பியாவின் வழி வேறு. அதற்கு இரைப்பை உண்டு, அமிலம் பி.எச். 2-க்கும் கீழே இறங்கி நீலப்பச்சைப் பாசியின் செல்சுவரை உடைக்கிறது. காலையில் மேயத் தொடங்கிய பிறகுதான் அமிலம் ஏறும் என்பதால், முதலில் தின்ற பாசி செரிக்காமல் போய்விடும். இந்த ஒரு வரி எழுதினால் தனி மதிப்பெண் கிடைக்கும்.

கேள்வியில் மீனின் பெயரைப் பார்த்ததும் 'இரைப்பை உண்டா?' என்று ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பெப்சினும் இல்லை. புரதத்தைச் செரிப்பது குடலில் டிரிப்சின் போன்ற நொதிகள்தான். உறிஞ்சுதலில் பலர் விடுவது குடலின் பின்பகுதியை. முன்பகுதி அமினோ அமிலம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை எடுக்கும். பின்பகுதிச் செல்கள் உடையாத புரதத்தையும் விழுங்கிக்கொள்ளும். படத்தில் மனிதக் குடலின் விரல் போன்ற உறிஞ்சிகளைப் போடாதீர்கள், மடிப்புகளை வரையுங்கள்.