கூட்டின மண்

ஆகஸ்ட் 17, 2025, ஞாயிறு

ஆவணி ஒன்று. இனி முகூர்த்தக் கொலுசு ஆர்டர் குவியும் என்பதால் ஞாயிறாக இருந்தும் பட்டறையை மூடவில்லை. சேலம் குகைப் பகுதியில் எங்கள் தெருவில் பாதிப் பட்டறை திறந்துதான் இருந்தது.

இரவு ஒன்பது மணிக்கு மான்செஸ்டர் யுனைடெட், ஆர்சனல் கால்பந்து மேட்ச். முன்பெல்லாம் லீவுக்கு வந்தால் மாப்ள மாடியிலிருந்து இறங்கி வந்து எனக்கு முன்னால் டிவி எதிரே உட்கார்ந்துவிடுவான். இன்று இரண்டு முறை கூப்பிட்டும் வரவில்லை.

மாப்ள என்பது அக்கா மகன். பத்தொன்பது வயது. லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கத் தடுப்பாட்டக்காரன். பதினைந்து வயதில் ட்ரயலில் தேறி, வெளிமாநிலத்தில் ஒரு பெரிய கிளப்பின் அகாடமிக்குப் போனான். இந்த ஜூன் மாதம் பெட்டி படுக்கையோடு திரும்பிவிட்டான். நாலு வருஷத்தில் பெரிய அணியோடு பயிற்சி எடுத்தது பதினொரு நாள், பெஞ்சில் உட்கார்ந்தது மூன்று மேட்ச், களத்தில் இறங்கியது பூஜ்யம். இந்தக் கணக்கை அவனே ஒரு நாள் தோசை சாப்பிட்டுக்கொண்டே ஒப்பித்தான். அக்கா அடுப்பங்கரையிலிருந்து திரும்பிப் பார்க்கவில்லை.

யுனைடெட் 0-1 தோற்றது. கோபி மெயினூ கடைசி வரை பெஞ்சிலேயே இருந்தான். 2024 மே மாதம் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக வெற்றி கோல் போட்டவன். அதே கோடையில் ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ இறுதிப்போட்டியில் இங்கிலாந்தின் முதல் பதினொருவரில் ஒருவன். வயது இருபது. சின்னப் பையனாகச் சேர்ந்து அதே கிளப்பில் வளர்ந்தவன். இவனுக்கே இந்தக் கதி.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மாப்ள பகலில் பொழுது போகாமல் பட்டறைக்கு வந்து சலங்கை கோர்த்துக்கொண்டிருந்தான். கொலுசைப் பற்றவைக்கப் பொடி வைத்து ஊதிக்கொண்டிருந்த அண்ணன் என்னிடம் கேட்டார்: "பத்து வருசம் சோறு போட்டு வளத்த பையன எதுக்குங்க விக்கிறானுங்க?" கால்பந்து பற்றி யாராவது கேட்டால் எனக்குக் கை நிற்காது. விளக்க ஆரம்பித்துவிட்டேன்.

இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கில் ஒரு விதி உண்டு. மூன்று வருஷத்தில் ஒரு கிளப் அதிகபட்சம் 10.5 கோடி பவுண்டுதான் நஷ்டம் காட்டலாம். 5 கோடிக்கு ஒரு வீரனை ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் வாங்கினால், வருஷத்துக்கு 1 கோடி செலவு என்று கணக்கில் ஏறும். இரண்டு வருஷம் கழித்து அவனை 4 கோடிக்கு விற்றால், புத்தகத்தில் இன்னும் 3 கோடி பாக்கி இருப்பதால் லாபம் வெறும் 1 கோடி. அகாடமிப் பையனுக்கு வாங்கிய விலையே கிடையாது. அவனை 4 கோடிக்கு விற்றால் 4 கோடியும் லாபம்தான். சிட்டி 2023இல் கோல் பால்மரைச் செல்சிக்குத் தள்ளிவிட்டது ஏறக்குறைய அந்த விலைக்கு. அந்த சீசனிலேயே அவன் லீக்கில் 22 கோல் போட்டான். செல்சி மட்டும் யோக்கியமா? மேசன் மவுண்ட், டாமி ஆபிரகாம், டொமோரி, கேலகர் என்று தான் வளர்த்த பையன்களை வரிசையாக விற்ற கிளப் அது.

அண்ணனுக்குப் புரியவில்லை. அதனால் பட்டறைக் கணக்கில் சொன்னேன். "கட்டி வெள்ளிய வாங்கி கொலுசு பண்ணி வித்தா, வெள்ளிக் காசு போகத்தான லாபம்? ஆனா சாயங்காலம் கூட்டுற மண்ண உருக்குனா வர்ற வெள்ளி இருக்குல்ல, அதுக்கு நாம காசு குடுக்கல. எவ்வளவுக்குப் போனாலும் லாபம். அகாடமிப் பையன் அந்த மாதிரி."

அண்ணன் தலையாட்டினார். மாப்ள சலங்கையைக் கம்பியில் ஏற்றியபடியே நிமிராமல் கேட்டான்: "அப்ப நான் கூட்டின மண்ணா மாமா?"

ஊதுகுழல் சத்தம் மட்டும் கேட்டது.

ஆகஸ்ட் 20, புதன்

காலை ஐந்தரைக்கு நானே அவனை வண்டியில் காந்தி ஸ்டேடியத்துக்குக் கூட்டிப் போனேன். மன்னிப்பு என்று வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை. மாமனும் மருமகனும் அப்படியெல்லாம் பேசிக்கொள்கிற வீடு இல்லை எங்களுடையது.

ஓடி முடித்து ஷூவைக் கழற்றினான். இடது ஷூவின் நுனியில் தையல் விட்டு, மீன்பிடி நரம்பால் தானே தைத்திருக்கிறான். காலுறையின் விரல் பகுதியை வெட்டிவிட்டு டேப் சுற்றியிருக்கிறான். பெருவிரல் நகம் இல்லை.

அவனாகவே பேசினான். "உள்ள இருக்கப்ப எனக்கு விளையாட்டு வராதுன்னு யாரும் சொல்லல மாமா. 'இரு, உன் நேரம் வரும்'னாங்க. நாலு வருசத்துல மூணு கோச் மாறிட்டாங்க. ஒவ்வொருத்தருக்கும் முதல்லேர்ந்து நான் யாருன்னு காட்டணும்." போன சீசனில் பெரிய அணியின் லெஃப்ட் பேக்குக்கு முழங்கால் போனது. இவன் அன்று ராத்திரி தூங்கவில்லையாம். இரண்டே வாரத்தில் வேறு கிளப்பிலிருந்து முப்பத்தொரு வயது ஆளைக் கொண்டு வந்துவிட்டார்கள். அனுபவம் வேண்டுமாம். "ஆடாம அனுபவம் எங்கருந்து மாமா வரும்?"

அந்த கோச்சையும் முழுக்கக் குறை சொல்ல முடியவில்லை. நாலு மேட்ச் தோற்றால் அவர் வேலை போய்விடும். பையனை இறக்கி அவன் ஒரு தப்புச் செய்தால் பழி யார் மேல் விழும்? பேர்போன ஆளை இறக்கித் தோற்றால் யாரும் கேட்கமாட்டார்கள். யுனைடெட் அகாடமிப் பையன் ராஷ்ஃபோர்டுக்கு 2016 பிப்ரவரியில் வழி திறந்தது எப்படி? மிட்ஜிலாண்ட் மேட்சுக்கு முன் வார்ம்-அப்பில் மார்ஷியலுக்கு அடிபட்டது, கைவசம் வேறு ஆள் இல்லை. அன்று இரண்டு கோல், மூன்று நாள் கழித்து ஆர்சனலுக்கு எதிராக இரண்டு. அன்று மார்ஷியலின் கால் நன்றாக இருந்திருந்தால்?

திரும்பும்போது இரண்டு பேரும் தட்டுவடை செட் சாப்பிடலாம் என்று பார்த்தோம். காலை ஏழு மணிக்கு எவன் கடை போடுவான்? டீயோடு சரி.

ஆகஸ்ட் 23, சனி

பத்து மணிக்கு ஆர்சனல், லீட்ஸ். மேட்ச் தொடங்கும் முன் எபெரெச்சி எஸேவைக் களத்தில் நிறுத்திக் கூட்டத்துக்குக் காட்டினார்கள். பதின்மூன்று வயதில் இதே ஆர்சனல் அகாடமி வேண்டாம் என்று அனுப்பிய பையன். அப்புறம் ஃபுல்லம், ரெடிங், மில்வால் என்று சுற்றி, எங்கும் நிலைக்காமல், கடைசியில் கியூ.பி.ஆர். கிளப் சேர்த்துக்கொண்டது. இந்த மே மாதம் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் கிரிஸ்டல் பேலஸ் கிளப்புக்காக அவன் போட்ட ஒரே கோலில் சிட்டி தோற்றது. இப்போது 6 கோடி பவுண்டு கொடுத்துப் பழைய வீட்டுக்காரர்களே வாங்கியிருக்கிறார்கள்.

அதே மேட்சில் மேக்ஸ் டவ்மேன் என்று ஒரு பையன் மாற்று ஆளாக இறங்கினான். வயது 15 வருஷம் 235 நாள். பிரீமியர் லீக்கில் அவனைவிடச் சின்ன வயதில் ஆடியது 2022இல் இறங்கிய ஈதன் நுவானெரி மட்டும்தான். அவனும் ஆர்சனல் பையன். கடைசி நிமிடங்களில் ஒரு பெனால்டியும் வாங்கிக்கொடுத்தான் டவ்மேன். ஆர்சனல் 5-0.

மாப்ளையைக் கூப்பிடவில்லை. ஆனால் எஸேவைக் காட்டும்போது படிக்கட்டில் நின்றிருந்தான். பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

யுனைடெட் ஃபுல்லத்தோடு 1-1. மெயினூ இன்றும் இறங்கவில்லை. சேலத்தில் நல்ல மழை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

விடியற்காலை மூன்று மணிக்குத்தான் படுத்தேன். நியூகாசிலில் 2-2 என்று இருந்த மேட்சில் லிவர்பூல் கடைசி நிமிடங்களில் ரியோ நுமோஹாவை இறக்கியது. 100வது நிமிடத்தில் கோல். பதினேழு வயது முடிய நாலு நாள் இருந்தது. இவன் செல்சி அகாடமியில் வளர்ந்து போன வருஷம் கிளம்பி வந்தவன். அங்கே வரிசை நீளம் என்று நினைத்திருப்பானோ என்னவோ.

காலையில் மாப்ளையிடம் சொன்னேன். செல்போனில் அந்த கோலை நாலைந்து தடவை ஓட்டிப் பார்த்தான். கோலைவிட, அதற்கு முன் சலா பந்தைத் தள்ளிக்கொடுக்கும்போது பையன் எங்கே நின்றான் என்பதைத்தான் பார்த்தானாம். "யாரும் பந்து குடுப்பாங்கன்னு நம்பி நின்னுருக்கான் மாமா."

ஆகஸ்ட் 28, வியாழன்

நேற்று விநாயகர் சதுர்த்தி. அக்கா கொடுத்த கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு பன்னிரண்டரைக்கு உட்கார்ந்தேன். மாப்ள தானாகவே இறங்கி வந்தான். யுனைடெட்டுக்கு லீக் கோப்பை மேட்ச், நாலாவது டிவிஷனில் ஆடும் கிரிம்ஸ்பியின் மைதானத்தில். மெயினூ முதல் பதினொருவரில்.

நடந்தது உலகத்துக்கே தெரியும். அரைமணி நேரத்தில் 0-2. அப்புறம் அடித்துப்பிடித்து 2-2. பெனால்டியில் 11-12. கோல்கீப்பர்கள் கூட அடிக்க வேண்டி வந்தது. இத்தனை மேட்ச் காத்திருந்து கிடைத்த வாய்ப்பு இப்படி முடிந்தது. மெயினூ மோசமாக ஆடினான் என்றும் சொல்ல முடியாது, ஆனால் நாளைக்கு யார் அதைப் பிரித்துப் பார்ப்பார்கள்?

மாப்ள சொன்னது: "எங்களுக்குக் குடுக்குற மேட்ச் எல்லாம் இப்படித்தான் மாமா. மொத்த டீமையும் மாத்தி எறக்குவாங்க. பக்கத்துல நிக்கிறவனோட நான் ஒரு நாளும் ஆடியிருக்க மாட்டேன்." செல்சியில் 2019இல் ஆள் வாங்கத் தடை வந்ததும், வேறு வழியில்லாமல் கோச் லாம்பார்ட், அகாடமிப் பையன்கள் மவுண்ட், ஆபிரகாம், ரீஸ் ஜேம்ஸ், டொமோரி நாலு பேரையும் ஒன்றாக ஆடவிட்டதைச் சொன்னேன். முதல் நாலு இடத்துக்குள் முடித்தார்கள். 1937 அக்டோபரிலிருந்து இன்றுவரை ஒரு மேட்சுக்குக்கூட அகாடமிப் பையன் இல்லாமல் அணி எடுத்ததில்லை என்று யுனைடெட் பெருமை பேசுமே, அந்தக் கணக்கில் பெஞ்சில் இருப்பவனும் சேர்த்தி என்றேன். சிரித்தான். ஜூனுக்குப் பிறகு கால்பந்துப் பேச்சில் அவன் சிரித்தது இதுதான் முதல் தடவை.

நம் ஊரிலும் ஒன்று இருந்தது. இந்தியன் ஏரோஸ். 2017இல் அண்டர்-17 உலகக்கோப்பை ஆடிய பையன்களை வைத்து ஐ-லீக்கில் ஆடவிட்டார்கள். கொலம்பியாவுக்கு எதிராக இந்தியாவின் முதல் உலகக்கோப்பை கோலைப் போட்ட ஜீக்சன் சிங் அதில் ஆடி வந்தவன்தான். தோற்பார்கள், ஆனால் வாராவாரம் பெரிய ஆட்களோடு மோதுவார்கள். 2022இல் அதையும் கலைத்துவிட்டார்கள். மாப்ள அகாடமிக்குப் போனது அதற்கு முந்தின வருஷம்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஏற்காட்டில் செவன்ஸ், அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து. காந்தி ஸ்டேடியத்தில் பழகிய பையன்கள் ஒரு அணிக்கு ஆள் குறைகிறது என்று கூப்பிட்டார்கள். கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் பெட்ரோல் போட்டு, இருபது கொண்டை ஊசி வளைவையும் என் பழைய ஸ்ப்ளெண்டரில் இரண்டு பேரும் ஏறினோம். பதினைந்தாவது வளைவிலேயே குளிர ஆரம்பித்துவிட்டது.

மைதானம் என்பது காப்பித் தோட்டத்தை ஒட்டிய ஒரு மேடு. ஒரு பக்கம் சரிவு. பந்து அந்தப் பக்கம் போனால் சில்வர் ஓக் மரங்களுக்குள் இறங்கி ஒருவன் எடுத்து வர வேண்டும், அதுவரை எல்லோரும் இடுப்பில் கைவைத்து நிற்பார்கள். இரண்டாவது மேட்சில் பனி இறங்கி, எதிர் கோல்போஸ்ட் தெரியவில்லை.

மாப்ள முதல் மேட்சில் சொதப்பினான். ஏழாவது நிமிடத்தில் ஒரு தோட்டத்துப் பையன், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஆடுகிறவன், இவனை வெளிப்பக்கமாகத் தாண்டிப் போய் கோல் போட்டான். அடுத்ததும் இவன் பக்கத்திலிருந்தே. இவன் உடனே கோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். நான் கவனித்தேன், அது பழக்கம். இங்கே கோட்டில் நின்றது நானும் ஒரு நாயும்தான்.

அப்புறம் ஆடினான். மூன்று மேட்ச், முழுக்க. அந்த வெறுங்கால் பையன் மறுபடி வந்தபோது உள்பக்கம் மடக்கிப் பந்தைப் பிடுங்கி, இடது காலால் ஒரு நீளப் பந்து போட்டான் பாருங்கள், பனிக்குள் போய் மறைந்துவிட்டது. எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. மறுபக்கம் சத்தம் கேட்ட பிறகுதான் கோல் என்று தெரிந்தது.

ஒண்டிக்கடைப் பக்கம் மிளகாய் பஜ்ஜி தின்னும்போது சொன்னான்: "ரெண்டு கோல் என்னால போச்சு மாமா. ஆனா யாரும் வெளிய கூப்பிடல."

நேற்று யுனைடெட் அகாடமியிலிருந்து வந்த கார்னாச்சோவையும் செல்சிக்கு விற்றுவிட்டார்கள். 4 கோடி பவுண்டு. அந்த விலை எங்கோ எழுதி ஒட்டியிருக்கும் போல. இதை அவனிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

சென்னை லீக்கில் ஆடும் ஒரு அணியில் லெஃப்ட் பேக் வேண்டுமாம். அகாடமியில் இவனோடு அறையில் இருந்த பையன் அங்கே கோல்கீப்பர். இரண்டு வாரம் பயிற்சிக்கு வா, பிடித்தால் வைத்துக்கொள்வார்கள், மேட்சுக்கு இவ்வளவு என்று காசு, தங்க அறையில் ஐந்து பேர். மத்தியானம் போன் வந்தது, ராத்திரி கிளம்பிவிட்டான்.

ஜங்ஷனில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏற்றிவிட்டேன். அன்ரிசர்வ்டில் ஏறி எப்படியோ மேல் பலகையைப் பிடித்துவிட்டான். அக்கா புளிசாதம் கட்டிக் கொடுத்திருந்தாள். நான் புது ஷூவுக்குப் பணம் நீட்டினேன், வாங்கவில்லை. "முதல்ல சேக்கட்டும் மாமா" என்றான்.

பதினொன்றரைக்கு இங்கிலாந்தில் ஆள் வாங்கி விற்கும் கெடு முடிந்தது. கொஞ்ச நேரத்தில் மாப்ளயிடமிருந்து செல்போனில் செய்தி வந்தது.

"மெயினூ?"

"அங்கயேதான் இருக்கான். லோன்ல போறேன்னு கேட்டானாம், விடல."

"ஐயோ பாவம்" என்று அனுப்பிவிட்டு, பின்னாலேயே ஒரு போட்டோ. மேல் பலகைக்குப் பக்கத்து ஃபேன் கம்பியில் அந்தத் தைத்த ஷூவைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான். அக்காவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"செருப்ப எங்கடா வச்சான்?" என்றாள். "கீழ விட்டா எவனாவது எடுத்துட்டுப் போயிருவான், சொல்லு."